சிடி டிரான்ஸ்போர்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

சிடி பிளேயர் என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று தட்டைச் சுழற்றி, லேசரால் படித்து, அதில் பதிந்திருக்கும் எண்களை எடுக்கிறது. இன்னொன்று அந்த எண்களை ஆம்ப்ளிஃபையர் ஏற்றுக்கொள்ளும் அனலாக் சிக்னலாக மாற்றுகிறது. இந்த இரண்டாவதைத்தான் டேக் என்கிறார்கள். முதலாவதை மட்டும் தனிப் பெட்டியில் போட்டால் அது சிடி டிரான்ஸ்போர்ட். அதை நேராக ஆம்ப்பில் இணைத்துப் பாட்டுக் கேட்க முடியாது. பின்பக்கத்தில் வழக்கமான இடது, வலது அனலாக் சாக்கெட்டுகளே இருக்காது. டிஜிட்டல் வெளியீடு மட்டும் இருக்கும். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து டேக், டேக்கிலிருந்து ஆம்ப், ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் என்று வரிசையாகப் போக வேண்டும்.

எதற்கு இப்படிப் பிரிக்க வேண்டும்? டேக் என்பது சிப்பும் மின்சுற்றும். அதில் தேயும் பாகம் எதுவும் கிடையாது. ஆனால் தொழில்நுட்பம் சீக்கிரம் மாறும். தட்டைப் படிக்கும் பகுதி நேரெதிர். அதன் அடிப்படை பல வருடங்களாக மாறவே இல்லை. ஆனால் மோட்டார் தேயும், லேசர் மங்கும், தட்டு வெளியே வரும் கதவின் பெல்ட் தளரும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் ஒன்று போகும்போது இன்னொன்றும் சேர்ந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. அதோடு, இன்று நிறைய வீடுகளில் ஸ்ட்ரீமிங்குக்கோ கம்ப்யூட்டருக்கோ ஏற்கெனவே ஒரு நல்ல டேக் இருக்கும். பல ஆம்ப்களுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முழு சிடி பிளேயர் வாங்கினால், பயன்படுத்தவே போகாத இரண்டாவது டேக் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம்.

டிரான்ஸ்போர்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'சவுண்ட் எப்படி இருக்கும்?' என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. என்னிடம் உள்ள தட்டுகளையெல்லாம் இது தடங்கலில்லாமல் படிக்குமா? என் டேக்கோடு ஒத்துப்போகுமா? நாலைந்து வருடம் கழித்து லேசர் போனால் மாற்றுப் பாகம் கிடைக்குமா? ஏன் இந்த வரிசை என்பது, தட்டிலிருந்து பாட்டு எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

தட்டில் இருப்பது என்ன

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் சிடிக்கான விதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. அன்று வகுத்த விதிகள்தான் இன்றும். ஒலி அலையை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக. ஆக ஒரு நொடிப் பாட்டு என்பது 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்கள்.

இவை 12 சென்டிமீட்டர் தட்டில், உள்ளேயிருந்து வெளியே விரியும் ஒரே ஒரு சுருள் பாதையில், நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சுற்றுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் முப்பது, நாற்பது சுற்றுகள் அடங்கும். பாதையைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். லேசர் இந்தப் பாதையை எப்போதும் ஒரே வேகத்தில், நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வீதம் படிக்க வேண்டும். அதனால் உள்வட்டத்தில் இருக்கும்போது தட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றும், வெளி ஓரத்துக்கு வந்ததும் 200 சுற்றும் சுற்றுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே மோட்டார் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

இதில் எனக்கு இன்னமும் வியப்பாக இருப்பது சர்வோ என்ற கட்டுப்பாட்டு அமைப்பு. எந்தத் தட்டும் முழுத் தட்டையாக இருப்பதில்லை. நடுத்துளையும் மிகச் சரியாக மையத்தில் இருப்பதில்லை. சுழலும்போது தட்டு மேலும் கீழும் அலையும், பாதை பக்கவாட்டில் ஆடும். லேசரின் சின்ன லென்ஸ் கம்பிச்சுருளின் காந்த விசையில் அசைந்தபடி, அந்த அலைச்சலையெல்லாம் துரத்திக்கொண்டு மைக்ரான் அளவில் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. நல்ல டிரான்ஸ்போர்ட்டுக்கும் மட்டமானதற்கும் உள்ள நிஜமான வித்தியாசம் முதலில் இங்கேதான் தொடங்குகிறது. கச்சிதமான தட்டை எது வேண்டுமானாலும் படித்துவிடும். கொஞ்சம் வளைந்த, கீறல் விழுந்த, இருபது முப்பது வருடப் பழைய தட்டைப் படிக்கும்போதுதான் சர்வோவின் தரம் தெரியும்.

கீறல் விழுந்தும் பாட்டு எப்படி ஓடுகிறது

எண்களை வந்த வரிசையிலேயே எழுதியிருந்தால் ஒரு தூசி விழுந்தாலே பாட்டு அறுந்துவிடும். அதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலில், ஒவ்வொரு 24 பைட் ஒலிக்கும் 8 பைட் கூடுதலான சரிபார்ப்பு எண்கள் சேர்க்கப்படுகின்றன. ஒலிக்குரிய எண்களில் சில தொலைந்தாலும் மீதியையும் சரிபார்ப்பு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டுத் தொலைந்ததைத் திரும்பப் பெற்றுவிடலாம். இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து எண்கள் தட்டில் பக்கத்தில் இருப்பதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட சட்டகங்களுக்குக் (ஒவ்வொரு 24 பைட் தொகுப்பும் ஒரு சட்டகம்) கலைத்துப் போட்டு எழுதப்படுகின்றன. ஒரு கீறல் ஒரே இடத்தில் பெரிய ஓட்டை போட்டாலும், திரும்ப அடுக்கும்போது அது அங்கங்கே சிதறிய சின்னச் சின்ன ஓட்டைகளாகிவிடும். சின்ன ஓட்டைகளை அடைப்பது சுலபம்.

இந்த முறையில் பாதையோடு சேர்ந்து சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் எண்கள் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். 'ஓரளவுக்கு' இல்லை, பிட் பிசகாமல். தொடங்குகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் 'பிழைதிருத்தம் அதிகமாக வேலை செய்தால் ஒலியின் தரம் இறங்கும்' என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. திருத்தப்பட்ட எண்ணும், பிழையே இல்லாமல் வந்த எண்ணும் ஒன்றுதான்.

திருத்த முடியாத அளவுக்குச் சேதம் போனால் கதை வேறு. அப்போது கருவி முன்னால் உள்ள எண்ணையும் பின்னால் உள்ள எண்ணையும் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. அதுவும் முடியாவிட்டால் அந்த இடத்தில் ஒலியை அமுக்கிவிடுகிறது. 'டிக்' என்ற சத்தமோ சின்ன மௌனமோ வரும். ஊகித்து நிரப்புவது பெரும்பாலும் காதுக்குத் தெரியாது, ஆனால் அது அசல் கிடையாது. ஒரே பழைய தட்டை ஒரு டிரான்ஸ்போர்ட் முழுமையாகத் திருத்திப் படிக்க, இன்னொன்று ஊகத்தில் ஓட்டக்கூடும். இரண்டுக்கும் இடையே கேட்கிற வித்தியாசம் இருந்தால் அதற்கு நேர்மையான காரணம் இது.

சரி, நல்ல நிலையில் உள்ள தட்டு? கம்ப்யூட்டரில் சிடியை ரிப் செய்கிறவர்களுக்கு, அதாவது பாட்டுகளைக் கோப்புகளாக எடுத்து வைக்கிறவர்களுக்கு, இதற்குப் பதில் தெரியும். அக்யுரேட்ரிப் என்ற தரவுத்தளத்தில், உலகெங்கும் வெவ்வேறு டிரைவ்களில் ஒரே தட்டைப் படித்தவர்களின் சரிபார்ப்பு எண்கள் சேர்ந்திருக்கின்றன. சாதாரண கம்ப்யூட்டர் டிரைவில் படித்ததும் மற்றவர்கள் படித்ததும் ஒரு பிட் மாறாமல் ஒத்துப்போவது அங்கே அன்றாடம் நடப்பது. எண்களைச் சரியாகப் படிப்பதற்கு மட்டும் கனமான அலுமினியப் பெட்டி தேவையில்லை.

எண் சரி, நேரம்?

எல்லா டிரான்ஸ்போர்ட்டும் ஒரே எண்ணைத்தான் தருகிறது என்றால் விலை உயர்ந்தவை எதற்கு? இங்கேதான் ஜிட்டர் வருகிறது. டிரான்ஸ்போர்ட்டிலிருந்து டேக்குக்குப் போகும் வழக்கமான இணைப்பின் பெயர் எஸ்பிடிஐஎஃப். சோனி, பிலிப்ஸ் இரண்டின் பெயரையும் சுருக்கி வைத்தது. இதில் எண்களும், அவற்றை எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்ற கிளாக்கும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் அதே வேகத்தில் உரக்கத் திருப்பிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறவரின் வேகம் கொஞ்சம் முன்பின்னாகத் தடுமாறினால், வார்த்தைகள் அத்தனையும் சரியாக இருந்தும், திருப்பிச் சொல்கிறவரின் வேகமும் தடுமாறும். ஒலியில் அந்த நேரத் தடுமாற்றம்தான் ஜிட்டர். ஒவ்வொரு எண்ணும் அதற்குரிய நொடித்துளியைவிட மிக மிகச் சிறிதளவு முன்னாலோ பின்னாலோ அனலாக்காக மாறினால், அசல் பதிவில் இல்லாத மெல்லிய சிதைவு சேர்ந்துகொள்கிறது.

திருப்பிச் சொல்கிறவர் கேட்டதையெல்லாம் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் சொந்தத் தாளத்தில் சொன்னால் அந்தத் தடுமாற்றம் மறைந்துவிடும் அல்லவா? நல்ல டேக்குகள் செய்வது ஏறக்குறைய அதைத்தான். வரும் கிளாக்கை வடிகட்டி நிதானப்படுத்துகின்றன, அல்லது எண்களைச் சிறிது நேரம் நினைவகத்தில் நிறுத்தித் தங்கள் கிளாக்கில் வாசிக்கின்றன, அல்லது வருகிற ஓட்டத்தைத் தங்கள் கிளாக்குக்கு ஏற்பத் திரும்பக் கணக்கிடுகின்றன. மூன்றாவது முறையில் எண்களே மாறுகின்றன. ஆனாலும் நன்றாகச் செய்தால் பிழை மிகக் குறைவு.

அளவுகளைப் பார்த்தால் பதற்றம் தணியும். நடுத்தரத் தரமுள்ள டேக்குகளில்கூட இன்று வெளியீட்டில் ஜிட்டர் பிகோநொடிகளில், அதாவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அளக்கப்படுகிறது. இசை ஓடும்போது அந்தத் தடுமாற்றம் மனிதக் காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக, நானோநொடிகளில் இருக்க வேண்டும். ஆகவே டேக் ஜிட்டரை நன்றாக அடக்குமானால் டிரான்ஸ்போர்ட்டின் கிளாக் எவ்வளவு உயர்ந்தது என்பதற்குப் பெரிய அர்த்தம் இருக்காது. டேக் பழையதாக, வருகிற கிளாக்கை அப்படியே நம்பி ஓடுவதாக இருந்தால் டிரான்ஸ்போர்ட்டின் கிளாக் நல்லதாக இருப்பது முக்கியம். அதனால்தான் டிரான்ஸ்போர்ட் வாங்குவதற்கு முன் உங்கள் டேக்கைப் பற்றிப் படியுங்கள் என்கிறேன். அளவீடுகளோடு வெளிவரும் மதிப்புரைகளில் ஜிட்டர் சோதனைப் படம் இருக்கும். நடுவில் ஒரு கூர்மையான கோடு நின்று, இரண்டு பக்கமும் துணைக்கோடுகள் முளைக்காமல் இருந்தால் அந்த டேக் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது என்று பொருள்.

பின்பக்கத்து சாக்கெட்டுகள்

எஸ்பிடிஐஎஃப் சிக்னலை உலோகக் கம்பியில் அனுப்பும் கோஆக்ஸியல்தான் பெரும்பாலோருக்குப் போதும். சாதாரண ஆர்சிஏ சாக்கெட்தான். ஆனால் கம்பி 75 ஓம் என்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். அனலாக்குக்கு வாங்கிய வயரைச் செருகினாலும் பாடும் என்பது உண்மை. 75 ஓம் கம்பியில் சிக்னல் முனையில் மோதித் திரும்புவது குறையும் என்பதும் உண்மை. அதற்கு மேல் கேபிளுக்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

ஆப்டிகல் இணைப்பை, அதாவது 1983இல் டோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க்கை, ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. கோஆக்ஸியலைவிட இதில் ஜிட்டர் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பது சரிதான். ஆனால் இதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: இரண்டு கருவிக்கும் நடுவே மின்தொடர்பே இல்லை. டிரான்ஸ்போர்ட்டை இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் எர்த் வழியாக மின்சாரம் சுற்றி வருவதால் வருவது. கம்பியை எடுத்துவிட்டு ஆப்டிகல் போட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். முனையில் உள்ள சின்ன மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். கம்பியைக் கூர்மையாக மடிக்காதீர்கள்.

ஏஇஎஸ்/ஈபியு என்பது ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து வந்த 110 ஓம் பாலன்ஸ்டு இணைப்பு. மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பிளக். நீண்ட தூரத்துக்கு நல்லது. இரண்டு பெட்டியும் ஒரே அலமாரியில் இருந்தால் அவசியமில்லை. ஐ2எஸ் இருக்கிறதா என்று சிலர் தேடுவார்கள். இதில் கிளாக்கும் எண்களும் தனித்தனிக் கம்பிகளில் போவதால் கலந்து பிரிக்கும் சிக்கல் கிடையாது. கருத்தளவில் நல்ல யோசனை. ஆனால் 1986இல் பிலிப்ஸ் இதை வகுத்தது ஒரே பெட்டிக்குள் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு எண்ணைக் கடத்தத்தான். பெட்டி விட்டுப் பெட்டி போவதற்குப் பொதுவான விதி இல்லை. எச்டிஎம்ஐ சாக்கெட்டை இதற்குப் பயன்படுத்தும் கம்பெனிகள் எந்த முனையில் எதை அனுப்புவது என்பதில் ஒத்துப்போவதில்லை. ஒன்றின் டிரான்ஸ்போர்ட்டை இன்னொன்றின் டேக்கோடு இணைத்தால் சத்தமே வராமல் போகலாம், இடதும் வலதும் மாறியும் வரலாம். இரண்டும் ஒத்துப்போகும் என்று எழுத்தில் உறுதியானால் மட்டும் இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் மெக்கானிசம்

இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் செய்கிற கம்பெனிகளில் மிகப் பெரும்பாலானவை மெக்கானிசத்தைத் தாங்களே செய்வதில்லை. வெளியே வாங்கிப் பொருத்துகின்றன. எவ்வளவு அழகான பெட்டியானாலும் அதன் ஆயுள் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன லேசர் தொகுதியின் ஆயுள்தான்.

ஒரு காலத்தில் பிலிப்ஸ் செய்த சிடிஎம் வரிசை மெக்கானிசங்களுக்குப் பெரிய மரியாதை இருந்தது. சிடிஎம்-1இல் லேசர், கியர் எதுவும் இல்லாமல், ஒரு முனையில் நிலைத்த கை போல வில் வளைவில் அசைந்து தட்டைப் படிக்கும். தேய்மானம் குறைவு என்பதால் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. பின்னால் வந்த சிடி-ப்ரோ2, விலை உயர்ந்த டிரான்ஸ்போர்ட்டுகள் பலவற்றில் இடம்பிடித்தது. டீயாக் கம்பெனி வேறு வழியில் போனது: விஆர்டிஎஸ் என்ற அமைப்பில் தட்டு முழுவதையும் தட்டளவே உள்ள ஒரு கனமான வட்டோடு சேர்த்துப் பிடித்துச் சுழற்றுகிறார்கள், தட்டின் அலைச்சலையே அடக்கிவிட வேண்டும் என்பதற்காக. பொறியியலாகப் பார்த்தால் இவையெல்லாம் அருமையான வேலைப்பாடு. ஆனால் சிடி-ப்ரோ2 இப்போது உற்பத்தியில் இல்லை. எஞ்சியிருக்கும் மாற்று லேசர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. புகழ்பெற்ற பழைய மெக்கானிசம் என்று கேட்டு ஆசைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று கிடைப்பவை ஏறக்குறைய இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஒன்று, சிடிக்கென்றே செய்த மெக்கானிசத்தில் தட்டை இயல்பான வேகத்தில் சுழற்றி, படிக்கப் படிக்க அனுப்புவது. கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி இந்த வகை. இன்னொன்று, முன்கூட்டியே படித்து நினைவகத்தில் சேர்த்து, அங்கிருந்து நிதானமான கிளாக்கில் அனுப்புவது. ஆடியோலேபின் 6000சிடிடி இப்படி முன்னால் படித்து வைத்துக்கொள்கிறது. பிஎஸ் ஆடியோவின் பர்ஃபெக்ட்வேவ் டிரான்ஸ்போர்ட் கம்ப்யூட்டர் டிரைவையே வைத்து இந்த வழியில் போனது. சேர்த்து வைக்கும் முறையில் லேசர் ஓர் இடத்தில் தடுக்கினால் பாட்டு நிற்காமலே திரும்பப் படித்துப் பார்க்க அவகாசம் இருக்கிறது. கீறல் தட்டு நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது பக்கபலம். குறையும் உண்டு: தட்டு வேகமாகச் சுழன்றால் சத்தம் கூடலாம், போட்டவுடன் பாட ஆரம்பிக்கச் சில நொடி பிடிக்கலாம். அமைதியான இசையை இரவில் தாழ்ந்த ஒலியில் கேட்கிறவர், பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுழற்சிச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

எந்த வகையானாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். லேசர் தொகுதியின் மாடல் எண் என்ன? அது இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா? கம்பெனி எத்தனை வருடத்துக்குப் பாகம் தரும்? தெளிவான பதில் வராத பெட்டிக்குப் பெரிய தொகை போடாதீர்கள்.

தட்டை உள்ளே போடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இழுப்பறை போல வெளியே வருவது எல்லோருக்கும் பழக்கமானது. அதன் பெல்ட் தளரும், மாற்றுவது சுலபம். பிளவில் செருகும் வகையில் 8 சென்டிமீட்டர் சின்னத் தட்டைப் போட்டால் சிக்கிக்கொள்ளலாம். ப்ரோ-ஜெக்டின் சிடி பாக்ஸ் ஆர்எஸ்2 டி போல மேலே திறப்பதில் அசையும் பாகம் குறைவு, ஆயுளுக்கு நல்லது. ஆனால் அலமாரியில் அதற்கு மேல் எதுவும் வைக்க முடியாது.

எதைப் படிக்கும், எதைப் படிக்காது

சூப்பர் ஆடியோ சிடி என்கிற எஸ்ஏசிடி 1999இல் வந்தது. அதன் உயர்தர அடுக்கைப் படிக்க வேறு அலைநீள லேசர் வேண்டும்; சாதாரண சிடி டிரான்ஸ்போர்ட்டால் முடியாது. ஹைப்ரிட் என்று குறிப்பிட்ட எஸ்ஏசிடியில் சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்தே இருக்கும். அது மட்டும் பாடும். அலமாரியில் எஸ்ஏசிடி நிறைய இருந்தால் உங்களுக்கு வேண்டியது வேறு கருவி.

வீட்டில் எழுதிய சிடி-ஆர் பெரும்பாலும் ஓடும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ, அச்சிட்ட தட்டைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பழைய கருவிகள் அதற்குத் தடுமாறும்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. சிடியின் ஆரம்ப வருடங்களில் வந்த சில தட்டுகளில் உயர் அலைவரிசைகளைத் தூக்கி வைத்துப் பதிந்திருப்பார்கள். கேட்கும்போது கருவி அவற்றை அதே அளவுக்கு இறக்க வேண்டும். ப்ரீ-எம்ஃபசிஸ் என்பது இதுதான். இதற்கான குறி தட்டிலேயே இருக்கும், டிரான்ஸ்போர்ட் அதை டேக்குக்குச் சொல்லும். ஆனால் இன்றைய டேக்குகளில் சில அந்தக் குறியைக் கவனிப்பதே இல்லை. அப்போது அந்தத் தட்டு மட்டும் காதைக் குத்துகிற மாதிரிக் கீச்சென்று ஒலிக்கும். 1980களில் அச்சான தட்டு ஒன்று புதிய இணைப்பில் திடீரென்று அப்படிக் கேட்டால் டிரான்ஸ்போர்ட்டைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பிளேயர் போதாதா

பல நேரம் போதும். பின்னால் டிஜிட்டல் வெளியீடு உள்ள பழைய சிடி பிளேயர், டிவிடி பிளேயர், புளூ-ரே பிளேயர் எதுவும் டிரான்ஸ்போர்ட்டாக வேலை செய்யும். புதிது வாங்குவதற்கு முன் அதை டேக்கில் இணைத்துச் சில வாரம் கேளுங்கள். டிவிடி, புளூ-ரே வகையில் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: சில கருவிகள் 44.1 கிலோஹெர்ட்ஸை 48 ஆகவோ 96 ஆகவோ மாற்றி அனுப்பும். டேக்கில் எண் காட்டும் திரை இருந்தால் 44.1 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பிளேயரின் செட்டிங்கில் தேடினால் நிறுத்த வழி இருக்கக்கூடும்.

எண்கள் மாறாமல் வருகின்றனவா என்று சோதிக்க ஒரு நல்ல வழி டிடிஎஸ் சிடி. இதில் 5.1 ஒலி, அதாவது ஹோம் தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி, சாதாரண சிடியின் எண்கள் போல வேடமிட்டு எழுதப்பட்டிருக்கும். டிடிஎஸ் பிரிக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவரில் இணைத்தால், எண்கள் பிசகாமல் வரும்போது மட்டும் ரிசீவர் அதை அடையாளம் கண்டு பாடும். நடுவில் எங்காவது எண் மாறினால் வெறும் இரைச்சல்தான். அந்த இரைச்சல் பலமாக இருக்கும் என்பதால் வால்யூமை நன்றாக இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், இரண்டு டிரான்ஸ்போர்ட்டுகளை ஒப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் அரிய வசதி இருக்கிறது. ஆம்ப்களையோ ஸ்பீக்கர்களையோ ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்குவதே பெரும்பாடு. டிரான்ஸ்போர்ட்டில் அந்தத் தொல்லையே இல்லை. ஒரே எண்கள் ஒரே டேக்குக்குப் போவதால் அளவு தானாகவே சமம். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளைத் தேடிப் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். இன்னொருவரை டேக்கின் இன்புட்டை மாற்றச் சொல்லிவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் உட்கார்ந்து கேளுங்கள். பலமுறை மாற்றியும் சரியாகச் சொல்ல முடிந்தால், கூடுதல் பணம் எதற்கு என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கும், அறையில் அது நிற்கும் இடத்துக்கும் கொடுங்கள். ஒலியில் மிகப் பெரிய மாற்றம் எப்போதும் அங்கேதான் கிடைக்கும்.

தட்டுகளையும் கவனியுங்கள். கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. லேசர் அதன் மேற்பரப்பைக் கடக்கும்போது இன்னும் குவியாமல் அகலமாக இருப்பதால் லேசான தூசியும் கீறலும் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். அதற்கு அடியிலேயே பிரதிபலிக்கும் உலோகப் படலம். அங்கே ஆழக் கீறினால் எண்கள் நிரந்தரமாகப் போய்விடும். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பாதையோடு சேர்ந்து நீளும். பிழைதிருத்தத்துக்குக் கடினமானது அதுதான். தட்டின் ஓரத்தில் பச்சை மை பூசினால் ஒலி மேம்படும் என்று ஒரு காலத்தில் பரவிய நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை.

பழையது வாங்குகிறவர்கள் கையோடு நாலைந்து தட்டுகள் எடுத்துப் போங்கள்: ஒன்று புதியது, ஒன்று நன்றாகக் கீறல் விழுந்தது, ஒன்று சிடி-ஆர், ஒன்று 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் நீளத் தட்டு. போட்டதும் பாடல்களின் எண்ணிக்கை எவ்வளவு சீக்கிரம் திரையில் வருகிறது என்று பாருங்கள். திணறித் திணறி வந்தால் லேசர் மங்கிக்கொண்டிருக்கலாம். நீளத் தட்டில் முதல் பாடலைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாமல் கடைசிப் பாடலுக்குத் தாவுங்கள். வெளி ஓரத்தில்தான் தட்டின் அலைச்சல் அதிகம். லேசர் நகரும் தண்டவாளத்தில் எண்ணெய்ப் பசை காய்ந்திருந்தாலும் அங்கே போகும்போது தெரிந்துவிடும். கடைசிப் பாடல் முழுவதும் தடங்கலில்லாமல் ஓடி, அங்கிருந்து முதல் பாடலுக்குச் சட்டென்று திரும்பி வந்தால் மெக்கானிசம் நல்ல நிலையில் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்களும் இதே சோதனையை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், வீட்டில் உள்ள மிக மோசமான தட்டுகளை வைத்துச் செய்து பார்த்துவிட வேண்டும்.